பகிர்வும் பதிவேடும்: சமூக ஊடகக் காலத்தில் ஊர்ப் போராட்டங்கள்



‘சமூக ஊடகமும் சுற்றுச்சூழலும்’ என்ற பொருளில் பேச அழைத்தீர்கள். கடல்போன்ற தலைப்பு. நான் ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். ஓர் ஆலைக்கோ சுரங்கத்துக்கோ எதிராக ஓர் ஊர் எழுந்து நிற்கும்போது, அந்த ஊர்க்காரர்கள் கையிலிருக்கும் ஃபோன் அவர்களுடைய போராட்டத்தை என்ன செய்திருக்கிறது?

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சு நடமாடுகிறது. ‘ஃபோன் வந்த பிறகு யாரும் எதையும் மூடி மறைக்க முடியாது’ என்பது ஒன்று. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படி நம்பியதில் வியப்பில்லை. ‘ஸ்டேட்டஸ் வைத்தால் ஆறு சுத்தமாகிவிடுமா?’ என்பது மற்றொன்று. பந்தலில் வெயில் தாங்கியவர்களின் எரிச்சல் அதில் இருக்கிறது. இரண்டு பேச்சும் ஃபோனை மட்டுமே பார்க்கின்றன. கூடவே அரசாங்கக் கோப்பையும் பார்க்க வேண்டும் என்கிறேன். ஆலைக்கு அனுமதி தருவதும் மறுப்பதும், இழப்பீடு யாருக்கு எவ்வளவு என்பதும், நீதிமன்றம் எதை ஏற்பது எதைத் தள்ளுவது என்பதும் இன்றைக்கும் கோப்பில்தான் முடிவாகின்றன.

என் வாதம் இது: சமூக ஊடகம் சாட்சிகளைப் பெருக்கியது, முடிவு எழுதப்படும் இடத்தை அது மாற்றவில்லை. திரையில் தெரிந்ததைக் கோப்பில் ஏற்ற ஆள் இருந்த போராட்டங்கள் எதையாவது வென்று வந்திருக்கின்றன. அப்படி ஆள் இல்லாத இடங்களில் அலை வந்த வேகத்திலேயே வடிந்திருக்கிறது. ஏழு கூறுகளாக இதைச் சொல்கிறேன்.

1. நிருபருக்காகக் காத்திருந்த காலம்

ஆட்டோவில் மைக் கட்டிப் போவது, சுவரில் எழுதுவது, நோட்டீஸ் அடித்துக் கொடுப்பது. செல்பேசிக்கு முந்தைய ஊர்ப் போராட்டத்தின் கைம்முதல் அவ்வளவுதான். செய்தி ஊரைத் தாண்ட வேண்டுமானால் தாலுகா நிருபர் வர வேண்டும். அவர் வந்து எழுதினாலும் மாவட்டப் பக்கத்தோடு நின்றுவிடும். மதுரைப் பதிப்பில் வந்தது சென்னைப் பதிப்பை எட்டாது. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்க எழுந்த இயக்கத்துக்குச் சாஸ்திர சாகித்ய பரிஷத் போன்ற ஓர் அமைப்பும், சுகதகுமாரி போன்ற கவிஞர்களின் குரலும் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. எழுதத் தெரிந்தவரின் தயவு இல்லாமல் காட்டின் கதை தலைநகரத்துக்குப் போகாது.

அந்தத் தயவுக்குக் காத்திராமல் ஊர்க்காரர்களே சாட்சியாக மாறியதற்குக் கடலூரில் ஒரு முன்னோடி உண்டு. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்தார் 2004 வாக்கில் ஒரு கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்தார்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே, எந்தப் பக்கத்துக் காற்றில், என்ன வாடை வந்தது, அழுகிய முட்டையா நகப்பூச்சா என்று நோட்டுப் போட்டு எழுதினார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையைப் பொருத்தி, நாற்றம் அடிக்கும் நேரத்தில் காற்றைப் பிடித்து, அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பி நச்சு வேதிப்பொருள்களின் பெயரையும் அளவையும் வாங்கினார்கள். அதுவரை ‘நாத்தம் தாங்கலைங்க’ என்று சொன்னால் கேட்டுச் சிரித்த அதிகாரிகள், எண்ணோடு வந்த அறிக்கைக்குப் பதில் எழுத வேண்டி வந்தது.

அந்த நோட்டில் இருந்த தேதி, நேரம், இடம் ஆகிய மூன்றையும் இன்றைய ஃபோனால் தானாகவே பதிந்துகொள்ள முடிகிறது. ஆனால், தினமும் எழுத வேண்டும் என்ற ஒழுங்கை ஃபோன் யாருக்கும் கற்றுத் தருவதில்லை. பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த இடைவெளி அடிப்படை.

2. பாட்டுக்கு முந்தைய பதினான்கு ஆண்டு

சமூக ஊடகத்தின் வெற்றிக்கு எல்லோரும் காட்டும் சான்று கொடைக்கானல். 1983 வாக்கில் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை, பின்னர் யூனிலீவர் குழுமத்தின் வசம் வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கிட்டங்கியில், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொண்டுவந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் பாதரசக் கழிவும் பொருள்களும் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயின. இவ்வளவும் நடந்து முடிந்தபோது ஃபேஸ்புக் பிறக்கவில்லை.

மிஞ்சியது தொழிலாளர்களின் உடல்நலமும் ஆலை நின்ற மண்ணும். தொழிலாளர்கள் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வேலையால் நோய் வந்தது என்பதை நிறுவனம் ஒப்புக்கொள்ளவே இல்லை. வாய்தாவுக்கு மேல் வாய்தா போனது. 2015 ஜூலை 30 அன்று சோஃபியா அஷ்ரப்பின் ‘கொடைக்கானல் வோன்ட்’ என்ற ராப் பாடல் யூடியூபில் ஏறியது. நிக்கி மினாஜ் என்ற அமெரிக்கப் பாடகியின் மெட்டை எடுத்துப் போட்ட பாட்டு அது; மினாஜே அதைப் பகிர்ந்தார். பல லட்சம் பேர் பார்த்தார்கள். நிறுவனத்தின் அன்றைய உலகத் தலைவர் பால் போல்மன் ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டி வந்தது. எட்டு மாதத்துக்குள், 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு கையெழுத்தானது.

பாட்டு வென்றது என்றார்கள். பாட்டின் பங்கை நான் குறைக்கவில்லை. பத்தாண்டு நகராத வழக்கு எட்டு மாதத்தில் நகர்ந்தது. ஆனால் 591 என்ற எண்ணைப் பாட்டு தரவில்லை. யார் யார் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தார்கள், யார் இறந்தார்கள், யாருடைய குடும்பம் எங்கே இருக்கிறது என்று முன்னாள் தொழிலாளர் சங்கத்தார் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த விவரம் அது. உலகம் திரும்பிப் பார்த்த அன்றைக்குக் கையில் பட்டியல் தயாராக இருந்தது. நிறுவனம் பேச உட்கார்ந்தபோது எதிரே உட்காரச் சங்கமும், நீதிமன்றத்தில் உயிரோடு ஒரு வழக்கும் இருந்தன.

மண்ணின் கதை வேறு. ஆலை வளாகத்தை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்ற கேள்விக்கு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்ற வரையறை கோப்பில் ஏறியது. பாம்பார் சோலையை ஒட்டிய சரிவில் இது போதாது, இன்னும் கடுமையான அளவுகோல் வேண்டும் என்று சூழல் அமைப்புகள் வாதாடின. 2018-இல் அதற்கும் ஒரு பாட்டு வந்தது, கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து பாடினார். முதல் பாட்டுக்கு எழுந்த அலை அதற்கு எழவில்லை. நோயாளித் தொழிலாளியின் முகத்தைப் பார்த்து மனம் இளகுபவர்கள், மில்லிகிராம் கணக்கைப் பார்த்து இளகுவதில்லை. முகத்தால் வெல்லக்கூடிய பாதி வென்றது. கணக்கால் வெல்ல வேண்டிய பாதி இழுபறியானது.

3. 17 லட்சம் கடிதங்கள்

2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய வாரத்தில், மத்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான புதிய வரைவு அறிவிக்கையை வெளியிட்டது. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன் மக்கள் படித்துக் கருத்துச் சொல்ல இருந்த 30 நாள் அவகாசத்தை அது 20 ஆகக் குறைத்தது. அனுமதி வாங்காமல் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ள வழி திறந்தது. விதிமீறல் நடந்தால் அதை நிறுவனமோ அரசுத் துறையோ சொல்லலாம். பாதிக்கப்பட்ட ஊர்க்காரர் சொன்னதை வைத்து நடவடிக்கை என்பதற்கு அதில் இடமில்லை. வரைவு இருந்த மொழிகளோ ஆங்கிலமும் இந்தியும்.

வீட்டுக்குள் அடைபட்டிருந்த மாணவர்கள் அதைப் பிரித்து, எளிய தமிழில் படவில்லைகளாகப் போட்டார்கள். நடிகர் கார்த்தி அறிக்கை விட்டார். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் வரைவை மொழிபெயர்க்க வேண்டும் என்ற டெல்லி உயர் நீதிமன்றம், கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. முடிவில் ஏறத்தாழ 17 லட்சம் கருத்துகள் அமைச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வரைவு இறுதி அறிவிக்கையாக மாறாமலே நின்றது.

ஹேஷ்டேக் இங்கே பலித்ததற்குக் காரணம், போட்டால் போய் விழ ஒரு தபால்பெட்டி இருந்தது. வரைவின் மீது கருத்துக் கேட்பது சட்டப்படி அரசின் கடமை. வரும் ஒவ்வொரு மின்னஞ்சலும் கோப்பின் ஒரு தாள். இளைஞர்கள் கோபத்தைத் திரட்டியதோடு நில்லாமல், எந்த முகவரிக்கு, எந்தத் தேதிக்குள், எந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத வேண்டும் என்பதையும் சேர்த்துப் பரப்பினார்கள்.

ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். முன்வாசலில் நின்ற சரக்கு பின்வாசலால் வந்தது. 2021 ஜூலை 7 அன்று அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணையாக, விதிமீறித் தொடங்கிய திட்டங்களை எப்படிக் கையாளுவது என்ற நடைமுறையை வெளியிட்டது. குறிப்பாணைக்கு யாரிடமும் கருத்துக் கேட்க வேண்டியதில்லை. அதற்கு ஹேஷ்டேகும் பிறப்பதில்லை. அதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இடைக்காலத் தடை வாங்கித் தந்தது ஒரேயொரு மனு. 2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் கட்டிய பிறகு அனுமதி தரும் முறையையே செல்லாது என்றது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று, மூவர் அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. 2020-இல் கடிதம் எழுதியவர்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு தேதியும் தெரியும் என்பதே என் கவலை.

4. வெளிநடப்பும் வாசிப்பும்

கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும் கல்யாண மண்டபத்தைச் சற்றுக் கிட்டத்திலிருந்து பார்ப்போம். மேடையில் கலெக்டர் அல்லது அவருடைய பிரதிநிதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி, நிறுவனத்தின் ஆலோசகர். முன்வரிசை நாற்காலிகள் காலையிலேயே வேனில் வந்திறங்கியவர்களால் நிரம்பியிருக்கும். ஊர்க்காரர்கள் சுவரோரம் நிற்பார்கள். மைக் கிடைத்தவர் பேசத் தொடங்கினால் பத்து ஃபோன் உயரும். இரண்டு நிமிடத்தில் மைக்கைக் கேட்பார்கள், சத்தம் எழும். ‘இது கண்துடைப்பு!’ என்று முழங்கியபடி ஊர் மொத்தமும் வெளியேறும். வெளிநடப்பு நல்ல காணொளி. மாலைக்குள் மாவட்டமே பார்த்துவிடும்.

மண்டபத்தில் அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் நான்காம் பின்னிணைப்பைப் படியுங்கள். கூட்டத்துக்கு இத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. கூட்டம் முழுவதையும் அதிகாரிகளே வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பின் சுருக்கத்தை அவைக்கு வட்டார மொழியில் விளக்கிப் படித்துக் காட்ட வேண்டும். அவை ஒப்புக்கொண்ட குறிப்பில் அன்றைக்கே கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

ஊர் வெளியேறிவிட்டால் அந்தக் குறிப்பைக் கேட்பவர்கள் வேனில் வந்தவர்கள்தான். ‘நீர்மட்டம் குறித்துச் சிலர் ஐயம் தெரிவித்தனர்’ என்று ஒரு வரியாகச் சுருங்கியதைத் திருத்தச் சொல்ல ஆளில்லை. திட்டத்தை மதிப்பிடும் நிபுணர் குழு உட்கார்ந்து படிப்பது அந்தக் குறிப்பைத்தான். ஊர்க்காரர்களின் லைவ் அவர்கள் மேசைக்கு வருவதில்லை.

வெளிநடப்பே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. எதிர்ப்பைக் காட்ட அது பழைய, மரியாதையான வழி. ஆனால் கேமராவுக்காக வெளிநடக்கும் பழக்கம் வந்தபின், கடைசிவரை உட்கார்ந்து குறிப்பை வாசிக்கச் சொல்லும் நான்கு பேரை உள்ளே விட்டுப் போகும் பழக்கம் தேய்கிறது. திரைக்கு வேண்டிய காட்சியும் கோப்புக்கு வேண்டிய வரியும் ஒன்றுக்கொன்று எதிராகப் போகும் இடம் இது. இரண்டையும் பெற முடியும். முதல் நாளே ஊர்க்கூட்டத்தில் ஆளைப் பிரித்துவிட்டால் போதும்.

5. எண்ணெய் தெரியும், சாம்பல் தெரியாது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பின் மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. மீனவர்கள் கையுறைகூட இல்லாமல் குவளையால் எண்ணெயை அள்ளிய காட்சிகளும், படகும் வலையும் கருத்துப்போன படங்களும் சில மணி நேரத்தில் எங்கும் போயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. செல்பேசி இல்லாத காலத்தில் இந்த வேகத்தை நினைத்தும் பார்க்க முடியாது.

அதே முகத்துவாரத்தில் சேரும் கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகக் குழாய்க் கசிவுகள் வழியே படிந்துவருகிறது. ஆற்றின் ஆழம் குறைகிறது, இறால் குறைகிறது, வலை எடுக்கும் நேரம் கூடுகிறது. இதில் எந்த ஒரு நாளும் காணொளிக்குத் தகுந்த நாளாக அமைவதில்லை. ராப் நிக்சன் என்ற அறிஞர் 2011-இல் வெளியான தம் நூலில் இத்தகைய கேட்டை மெல்ல நிகழும் வன்முறை என்று வகுத்தார். சமூக ஊடகத்தின் கணக்குமுறை நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். இருபது ஆண்டு வேறுபாட்டைக் காட்டாது. வெடிப்பு, தீ, எண்ணெய் ஆகியவற்றுக்கு ஆதரவு குவிகிறது. சாம்பலும் பாதரசமும் நிலத்தடி நீரின் உப்பும் பின்தங்குகின்றன. நம் நாட்டின் சூழல் கேடுகளில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகை.

சான்று என்ற முறையிலும் ஒன்று சொல்ல வேண்டும். மீனவர் ஒருவர் கசிவைப் படமெடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தின் உள்விவரத்தில் எடுத்த நேரமும், இடம் காட்டும் வசதி இயங்கினால் அட்சரேகை தீர்க்கரேகையும் இருக்கும். அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பிய கணமே அந்த விவரம் உதிர்ந்துவிடும். அதே படத்தை ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் அப்படியே இருக்கும். பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கேட்கிறது. எடுத்த கருவி எது, யார் கையில் இருந்தது என்று சொல்ல வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதில்லை என்றாலும், எங்கே எப்போது என்று கேட்காமல் விடாது. ஆயிரம் பேருக்குப் போன படத்துக்கு மூலப்படம் யார் ஃபோனில் இருக்கிறது என்றே தெரியாமல் போவது வாடிக்கை. போதாக்குறைக்கு, வேறு ஊர்ப் படமும் பழைய படமும் கலந்துவிடுகின்றன. 2019-இல் அமேசான் தீ பற்றிப் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் பகிர்ந்த படம், 2003-இல் இறந்துபோன ஒரு புகைப்படக்காரர் எடுத்தது. அதிபர் தப்பித்துக்கொண்டார். ஓர் ஊர் அப்படி ஒரு படத்தைப் பகிர்ந்தால், மறுநாள் அதன் உண்மையான பத்துப் படமும் பொய்யாகிவிடும்.

6. சுவிட்ச் யார் கையில்

தூத்துக்குடிப் போராட்டம் ஃபோனால் பிறந்ததில்லை. 1990-களின் நடுவிலேயே மீனவர்கள் கடலில் படகை நிறுத்தி ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்தார்கள். 2013 மார்ச் வாயுக்கசிவுக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. 2018 பிப்ரவரியில் குமாரரெட்டியாபுரத்தில் ஒரு மரத்தடியில் மக்கள் உட்கார்ந்தபோது பழைய எதிர்ப்புக்குப் புதிய வேகம் கிடைத்தது. வாட்ஸ்அப் வழியே செய்தி பரவி மார்ச் 24 அன்று நகரமே திரண்டது. நூறாம் நாளான மே 22 அன்றும் மறுநாளும் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மே 23 முதல் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் சில நாட்களுக்கு நிறுத்தப்பட்டது. உறவினர் மருத்துவமனையில் இருக்கிறாரா என்று தேட வேண்டிய நாட்கள் அவை.

இணையம், உள்துறைச் செயலர் ஒருவரின் கையெழுத்தில் அணையக்கூடிய மைதானம். இணைய நிறுத்த ஆணைகளை வெளியிட வேண்டும், அவை அளவோடு இருக்க வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில், வரைவு அறிவிக்கைக்கு எதிராக எழுதிய இளைஞர் அமைப்புகளின் இணையதளங்கள் முடக்கப்பட்டன. ஒன்றைப் பற்றி அனுப்பிய நோட்டீசில் டெல்லி காவல்துறை சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தையே குறிப்பிட்டது, பிறகு தவறுதல் என்று திரும்பப் பெற்றது. 2021 பிப்ரவரியில் பெங்களூருவின் காலநிலைச் செயற்பாட்டாளர் திஷா ரவி, விவசாயிகள் போராட்டத்துக்கான ஓர் இணைய ஆவணத்தின் பேரில் கைதானார். பத்து நாளில் பிணை கிடைத்தது.

நோட்டீஸ் அடித்துக் கொடுத்த காலத்தில் யார் கொடுத்தார்கள் என்று தேட வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின் பெயரும் உறுப்பினர் எண்ணும் வரிசையாக இருக்கின்றன. போராட்டத்துக்கு உதவும் பதிவு, வழக்கு வந்தால் அரசுத் தரப்பின் ஆவணமாகிறது. ஊர்க்காரர்களுக்கு இந்த நடைமுறை ஞானம் வந்துவிட்டது. முக்கியமான முடிவுகளைக் குரூப்பில் எழுதாமல் கோயில் திண்ணையில் பேசுகிறார்கள்.

7. அரிட்டாபட்டியும் ஏகனாபுரமும்

‘அப்படியானால் கிராம சபையில் தீர்மானம் போட்டு, மனு எழுதினால் போதுமா?’ என்று கேட்பீர்கள். இரண்டு ஊர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம்.

மேலூர் அருகே நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி 2015.51 ஹெக்டேர். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அதற்குள் அடங்கியது. 2024 நவம்பர் 7 அன்று ஏல முடிவு வெளியானது. ஊருக்குச் செய்தியே அப்போதுதான் தெரிந்தது. சமண முனிவர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் இராசாளிப் பறவைகளும் அடுத்த நாட்களில் ரீல்ஸாக ஓடின. நவம்பர் 23 அன்று வட்டாரக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று விவசாயிகள் மேலூர்ப் பக்கமிருந்து மதுரைத் தல்லாகுளம்வரை நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. மொத்தம் பதினோரு வாரம்.

பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் 2022 முதல் போராடிவருகிறது. இரவுப் பந்தல், கிராம சபைத் தீர்மானங்கள், கருப்புக்கொடி எதையும் அவர்கள் விடவில்லை. ஃபோனிலும் குறை வைக்கவில்லை. திட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அரிட்டாபட்டியில் ஏலம் விட்டது மத்திய அரசு, எதிர்த்தது மாநில அரசு. இரண்டுக்கும் நடுவே ஊருக்கு ஒரு சந்து கிடைத்தது. பரந்தூரில் இரண்டு அரசும் ஒரே பக்கம்.

ஆக, என் வாதத்தின் எல்லையை நானே சொல்லிவிடுகிறேன். கோப்பில் ஏற்றினால் வெற்றி நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. அரசியல் சந்து திறக்க வேண்டும். ஆனால் சந்து திறக்கும் அன்றைக்கு உள்ளே நுழையக் கையில் தீர்மானமும் பட்டியலும் இருக்க வேண்டும். கொடைக்கானலும் அரிட்டாபட்டியும் அந்த ஒன்றில் ஒத்தவை.

இங்கே பெண்களைச் சொல்லாமல் விட முடியாது. பந்தலில் பாதிக்கு மேல் பெண்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் செல்பேசி வைத்திருந்த பெண்கள் நாட்டில் 54 சதவீதம்தான். அவர்களிடையே செய்தி நூறுநாள் வேலைக் களத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் போகிறது. கிராம சபையில் கையெழுத்தோ கைரேகையோ வைப்பவர்களும் அவர்களே. திரையில் தெரியும் முகம் இளைஞனுடையது. பதிவேட்டில் இருக்கும் பெயர் பெரும்பாலும் அவன் தாயினுடையது. சமூகவியலாளர் ஸெய்னெப் டுஃபெக்சி 2017-இல் ‘ட்விட்டர் அண்ட் டியர் கேஸ்’ நூலில் உலகப் போராட்டங்களைப் பார்த்துச் சொன்னது இதோடு ஒத்துப்போகிறது. எளிதாகக் கூடும் கூட்டம், கூடுவதற்கான நெடிய வேலையில் மட்டுமே கிடைக்கும் உறுதியைப் பெறாமல் போய்விடுகிறது. நம் ஊர்களில் அந்த நெடிய வேலையைப் பெண்கள் இன்னும் கைவிடவில்லை என்பது நமக்கு நல்லகாலம்.

முடிவாக

வாதத்தைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. இந்தப் பல்கலைக்கழகத்தால் செய்யக்கூடிய மூன்று வேலையை முன்வைக்கிறேன்.

சட்டத்துறை மாணவர்கள், ஃபோனில் எடுத்த படத்தைச் சான்றாகக் காப்பது எப்படி என்பதை இரண்டு பக்கத் தமிழ்க் கையேடாக எழுதலாம். மூலப்படத்தை அழிக்காமல் வைப்பது, எடுத்தவர் பெயரைக் குறித்துக்கொள்வது, டாக்குமென்ட்டாக அனுப்புவது ஆகியவை அதில் இருக்க வேண்டும். இதழியல் துறை, நடந்து முடிந்த போராட்டங்களின் காணொளி, துண்டறிக்கை, தீர்மான நகல் ஆகியவற்றைச் சேர்த்து ஆவணக் காப்பகம் ஒன்றைத் தொடங்கலாம். நிறுவனங்களின் தளத்தில் இருப்பதை நிறுவனங்கள் அழிக்கும்; நம் அலமாரியில் இருப்பது நமக்கு. மூன்றாவதாக, தமிழ்த்துறையும் சூழல் அறிவியல் துறையும் சேர்ந்து, சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளை ஊர்க்காரர் படிக்கக்கூடிய தமிழில் சுருக்கித் தரலாம். சட்டம் கேட்கும் தமிழ்ச் சுருக்கத்தை இப்போது நிறுவனத்தின் தரப்பே எழுதிக் கொடுக்கிறது. அதைப் படித்தால் ஆலை வருவது ஊருக்குப் பெரும்பேறு என்றே தோன்றும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தின் அறிவிப்பு எந்தக் காலையிலும் நாளிதழின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் வரலாம். அன்றிலிருந்து ஊருக்கு 30 நாள். அந்த 30 நாளில் அறிக்கையைப் படித்துச் சொல்லவும், ஆட்சேபத்தை எழுதித் தரவும், கூட்டம் முடியும்வரை மண்டபத்தில் உட்கார்ந்து குறிப்பைத் திருத்தச் சொல்லவும் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள். இந்த அரங்கில் அத்தகையவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பகிர்வதோடு நின்றுவிடாமல் அந்த மண்டபத்துக்கும் வாருங்கள் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.